சனிக்கிழமை அம்மை

பூலோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவன் தலைமுடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவனும் அதைத்தான் விரும்புவான். நெற்றியில் ஒரு சுருளைத் தொங்கவிட்டு, மீதியைத் தூக்கி வாரி, பின்னங்கழுத்தில் ஒட்ட வெட்டிய முடி. தாராவிச் சந்தில் அவன் நடந்து வந்தால் முடி முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். போகிற வழியில் கை தானாக மேலே போய் ஒரு தடவு தடவிப் பார்த்துக்கொள்ளும், இருக்கிறதா என்று. இருக்கும்.

ஊர் வள்ளியூருக்குத் தெற்கே ஒரு கிராமம். மீசை அரும்பும் முன்பே பம்பாய்க்கு ரயிலேறி வந்து, தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவன். கிடங்கு அவனுக்குச் செய்த உபகாரம் இரண்டு. எந்த சோப்புக்கும் மசியாத ஒரு வாடையைக் கொடுத்தது. தோல் சீவும் கத்தியால் வலது மோதிர விரலில் ஒரு கணுவை எடுத்துக்கொண்டது. விரல் போனதைக் கூடப் பொறுத்துக்கொண்டான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் மாட்டுங்கா லேபர் கேம்ப் முக்கில் இருந்த கரீம் பாட்சாவின் கராஜில் ஒருவன் பியட் காருக்கு ஸ்ப்ரே கன்னால் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். கன் 'உஸ்' என்றது. துருப்பிடித்த கதவு கண் முன்னாலேயே பால் நிறமானது. பூலோகம் வேலைக்குப் போவதை மறந்து அங்கேயே நின்றான். மறுநாளும் நின்றான். வாணியம்பாடிக்காரரான கரீம் பாட்சா, "சும்மா நிக்கிறதுக்கு இந்த எமரி பேப்பரப் பிடிச்சுத் தேயேண்டா," என்றார். அப்படி உள்ளே வந்தவன்தான். மூன்றாவது வருஷம் கன் அவன் கைக்கே வந்துவிட்டது. அவன் அடித்த பெயிண்டில் முகம் பார்த்து முடி வாரலாம் என்பார்கள். முதல் ஆளாக அவனே வாரிக்கொள்வான்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேய்த்து, துடைத்து, எல்லாம் முடிந்த பிறகு, உள்ளங்கையால் அந்த வண்டியை ஒருமுறை முழுக்கத் தடவிப் பார்ப்பான். கண்ணுக்குத் தெரியாத மணல் கூட அவன் கைக்குத் தெரியும். கடைசியில் கையை அதன் மேல் அப்படியே பதித்து, கண்ணை மூடி, ஊர் எல்லையில் இருக்கும் இசக்கியம்மனை நினைத்துக்கொள்வான். அப்புறம்தான் கன்னைத் தூக்குவான். கராஜில் இதை யாரும் கேலி செய்ததில்லை. கை ராசி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்படியிருக்க, போன வைகாசியிலிருந்து அந்த ராசிக்கு ஏதோ வந்துவிட்டது. பெயிண்ட் அடித்த கொஞ்ச நேரத்தில் மேலெல்லாம் குண்டூசியால் குத்தியது போலப் பொத்தல் பொத்தலாக விழுந்தது. பெயிண்ட் அந்த இடங்களில் ஒட்டாமல் வட்டமாக விலகி நின்றது. "வண்டிக்கு அம்மை போட்டிருச்சு," என்றார்கள் கராஜில். அதிலும் விசேஷம், சனிக்கிழமை அடித்த வண்டிக்குத்தான் அம்மை போட்டது. திங்கள் அடித்தது திங்களைப் போலவே பளபளவென்று இருந்தது. வண்டியை எடுக்க வருகிறவர்களோ சனிக்கிழமைதான் வருவார்கள்.

பூலோகம் யோசித்தான். வைகாசியில் கராஜில் என்ன புதிதாக வந்தது? முகம்மது ஹனீப் வந்தான். மேலப்பாளையத்துக்காரன். துறைமுகப் பக்கம் மஸ்காவ்ன் படகுப் பட்டறையில் வேலை பார்த்து, கண்ணாடி நாரையும் ரெசின் பிசினையும் அடுக்கி பைபர் பலகை செய்யும் புது வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவன். எதையும் இமைக்காமல் உற்றுப் பார்க்கும் வழக்கம் அவனுக்கு. பூலோகம் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, "அடேயப்பா, என்னா வழவழப்பு!" என்பான். வேறென்ன வேண்டும்? கண்தான்.

அதே வைகாசியில்தான் பூலோகத்துக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. ஆனால் கல்யாணத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

ரெசின் நாற்றம் பெயிண்டுக்கு ஆகாது என்று சேட் கரீம் பாட்சாவிடம் ஒரு சாக்குச் சொல்லி, ஹனீப்பின் மேசையைப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைக்குப் பின்னால் சந்தில் தூக்கிப் போட வைத்தான் பூலோகம். கொட்டகை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டான். போதாதென்று கோரைப்பல் வரைந்த பூசணிக்காய் ஒன்றையும் சந்தைப் பார்த்து மாட்டினான். ஜூலை மழையில் ஹனீப் தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சந்தில் நின்று வேலை பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கொட்டகையைக் கடந்து போகும்போதெல்லாம் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, கையை முன்னால் நீட்டித் துழாவியபடி போவான். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பூலோகத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்தி மாசக்கணக்கில் ஆனது.

அம்மை மட்டும் நின்றபாடில்லை.

தை மாதம் ஆபிரகாமின் பைக் வந்தது. ஆபிரகாம் செம்பூர்ப் பையன். விக்ரோலியில் ஒரு பாக்டரியில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் விமானம் இறங்காத பழைய ஓடுதளத்தில் நடக்கும் ரேஸில் பைக் ஓட்டுகிறவன். அவனுடைய பைக்குக்கு முன்னால் காற்றைக் கிழிக்க ஒரு பைபர் மூடி உண்டு. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அவன் தாய்மாமன் சீமையிலிருந்து சுமந்து வந்து கொடுத்தது. கராஜில் அதற்கு வைத்த பெயர் 'மூஞ்சி'. பழகிப் பார்க்கப் போன இடத்தில் பைக் சறுக்கி விழுந்து, மூஞ்சியின் மூக்கு உடைந்து, இடது கன்னம் தாடை வரை கிழிந்திருந்தது.

"பாய், இந்த ஞாயித்துக்கெழம ரேஸ். சனிக்கெழம சாயந்தரம் குடுத்தாப் போதும். அம்மாவுக்குத் தெரியாம மாட்டிருவேன்," என்றான் ஆபிரகாம்.

கரீம் பாட்சா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பூலோகத்தைக் கூப்பிட்டார்.

"அரே, கேட்டுக்கோ. இது மாதிரி சாமான் பம்பாய்லயே நாலோ அஞ்சோதான் இருக்கும். நல்லா வந்துதுன்னா ரேஸ் பசங்க எல்லாம் நம்மகிட்ட வருவாங்க. இதுல ஒரு பொத்தல் விழுந்துது, கன்னை ஹனீப் கையில குடுத்துடுவேன். நீ வாபஸ் உன் தோல் கிடங்குக்குப் போயிடு. சமஜ்கயா?"

"சரி சேட்," என்றான் பூலோகம். சொல்லும்போதே அந்தப் பழைய வாடை மூக்கில் ஏறியது.

ஹனீப் சந்தில் உட்கார்ந்து மூஞ்சியைச் சரி செய்தான். கிழிந்த ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, உள்பக்கம் கண்ணாடி நாரைத் துண்டு துண்டாக அடுக்கி, ரெசினில் ஹார்டனர் கலந்து தூரிகையால் குத்திக் குத்தி ஊற வைத்தான். இறுகிய பிறகு வெளியே பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தேய்த்தான். எங்கே உடைந்தது என்று கேட்டால் ஆபிரகாமே காட்ட முடியாது. வெள்ளிக்கிழமை மாலை அதைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரும்பிப் போனான். உள்ளூர பூலோகத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் யாரிடம் சொல்ல?

சனிக்கிழமை விடிந்ததும் அவன் மனைவி பேராச்சி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் பேராச்சி. வேல கெடக்கு."

"கெடக்கட்டும். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு பாருங்க, பூராஞ் சூடு. சனிக்கெழமயும் அதுவுமா எண்ணெ தேய்க்காம எங்க போறிய? ஒக்காருங்க."

உட்கார்ந்தான். அவளுக்கு முன்னால் அவன் என்றைக்கு நின்றிருக்கிறான்? காய்ச்சி ஆற வைத்த நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைத்து, சுருள் சுருளாக விரலை விட்டுத் தேய்த்தாள். வந்த புதிதில் அவளுக்கு பம்பாயில் எதுவும் பிடிக்கவில்லை. இந்த முடி மட்டும் பிடித்திருந்தது. அவள் விரல் தலையில் ஓடும்போது கரீம் பாட்சா, கிடங்கு, அம்மை எல்லாம் எங்கோ தூரத்தில் போய்விடும். இந்த சுகத்துக்காகப் பாதி முடியைக் கூடக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்புறம் சீயக்காய், குழாயடியில் பிடித்து வைத்த ஒரே ஒரு வாளித் தண்ணீர், துண்டு. கண்ணாடி முன்னால் நின்று சுருளை இழுத்துவிட்டான். முடி மினுமினுத்தது.

கராஜில் சேட் இல்லை. குர்லாவில் ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று பூலோகம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டான். மூஞ்சியை ஸ்டூலில் கவிழ்த்து வைத்து, தின்னர்த் துணியால் பட்டும் படாமலும் துடைத்தான். நேரம் போகப் போகத் தகரக்கூரை சுட்டது; நெற்றியில் வழிந்ததைப் புறங்கையால் வழித்தான். சுருள் கண்ணில் விழுந்தது, தூக்கிவிட்டான். உள்ளங்கையால் கன்னம், தாடை, மூக்கு என்று ஒவ்வொன்றாகத் தடவினான். ஒரு மணல் இல்லை. கடைசியாக, உருண்டையான அந்த மூக்கின் மேல் கையைப் பதித்தான். மற்ற வண்டிகளுக்குத் தொட்டும் தொடாததுமாக வைப்பான். இன்றைக்குப் பயம் அதிகம். அதனால் அழுத்தமும் அதிகம்.

"அம்மா தாயே, இதுல மட்டும் போட்டிராத," என்றான்.

கன் உஸ்ஸென்றது. ஆபிரகாம் கேட்ட நிறம் நாவற்பழக் கறுப்பு நீலம். கன்னம் நிறம் பிடித்தது, தாடை பிடித்தது. மூக்குக்கு வந்து, அடித்து முடித்து, இரண்டடி பின்னால் நின்று பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பெருமூச்சு விட்டு, கன்னைக் கழுவிவிட்டுத் திரும்பினான்.

அம்மை போட்டிருந்தது.

பூலோகம் கதவிடுக்கு வழியாகச் சந்தைப் பார்த்தான். ஹனீப்பின் மேசை காலியாக இருந்தது. பிறகு மறுபடி மூஞ்சிக்கே வந்து, குனிந்து பார்த்தான். கன்னத்தில் பொத்தல்கள் தடம் தடமாக இழுபட்டிருந்தன. ஆனால் மூக்கில் அவை அப்படி இல்லை. அங்கே அவை ஒழுங்காக நின்றன. நடுவில் அகலமாக ஒரு கூட்டம். மேலே நான்கு வரிசை, பக்கவாட்டில் தடியாக ஒரு வரிசை. உள்ளங்கை. நான்கு விரல். கட்டைவிரல். அந்த நான்கில் மோதிர விரல் ஒரு கணு குட்டை.

பூலோகம் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளங்கை மினுமினுத்தது. மோந்து பார்த்தான். நல்லெண்ணெய்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊரில் எண்ணெய் தேய்த்தால் கிணற்றில் குதித்துக் கும்மாளம் போட்டு, ஒரு சொட்டு இல்லாமல் ஏறலாம். தாராவிக் குழாயின் ஒரு வாளித் தண்ணீரில் எந்த எண்ணெய் போகும்? முடியில் இருந்தது நெற்றிக்கு, நெற்றியில் இருந்தது கைக்கு, கையில் இருந்தது வண்டிக்கு. எட்டு மாதமாகச் சனிக்கிழமை தோறும், துடைத்து முடித்த வண்டிக்கெல்லாம் பக்தியோடு எண்ணெய் தேய்த்திருக்கிறான். சந்தில் கோணிச்சாக்கோடு மழையில் நனைந்தவன் முகம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது; அழுகை வராத குறை.

வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மூஞ்சி ஆறாது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் தின்னர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று எழுந்தான். டப்பாவைத் தூக்கியவன் நின்றான். நேற்று வைத்த பட்டி. தின்னர் அதிகம் பட்டால் ஊறிக் கிளம்பிவிடும். தேய்க்கலாம் என்றால், எவ்வளவு தேய்த்தால் கண்ணாடி நார் வெளியே வரும் என்பது ஹனீப்புக்குத்தான் தெரியும். அவனைக் கூப்பிட்டால் கையைப் பார்ப்பான். சேட்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கன் அவனுடையது.

பூலோகம் கதவைத் திறந்தான். ஹனீப் டீக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தான். கொட்டகை அருகே வந்ததும் வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஹனீப்பு," என்றான் பூலோகம். "கண்ணத் தொறயும்வே. உள்ள வந்து ஒண்ணப் பாரும்."

பல மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. ஹனீப் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "நெசமாத்தான் கூப்புடுதீரா? அப்புறம் பூசணிக்கா கோவிச்சுக்கிடப் போவுது."

"வாரும்வே."

ஹனீப் மூஞ்சியின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தான். அவன் வழக்கப்படி இமைக்காமல் பார்த்தான். பிறகு பூலோகத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையை அந்தப் பொத்தல்களுக்கு மேலாக நிறுத்தினான். குட்டை விரல் குட்டை விரலோடு பொருந்தியது. அவன் மோந்தும் பார்த்தான். அப்புறம் அவனுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், நிறுத்திவிட்டோம் என்று நினைத்து பூலோகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தான்.

"சிரியும். எனக்கு வேணும்," என்றான் பூலோகம். "சேட்டு வந்ததும் சொல்லிரும். ஆனா அதுக்கு முன்னால இதத் தேச்சுக் குடுத்துரும். அந்தப் பையன் ரேஸுக்குப் போணும்."

ஹனீப் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தேய்க்கது கெடக்கட்டும். மறுபடி அடிக்கப் போறது யாரு? இந்தத் தலைய வச்சுக்கிட்டா?"

இருவரும் அந்தத் தலையைப் பற்றி யோசித்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவலாம். கராஜிலும் இருப்பது ஒரு வாளித் தண்ணீர்தான். துணி கட்டலாம், வேர்வை துணிக்கு அடங்காது. பூலோகம் ஒருமுறை சுருளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தெருவில் இறங்கினான்.

முக்கில் மரத்தடியில் சவரக் கண்ணாடி மாட்டியிருந்த சொரிமுத்துவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை.

"மொட்டையா? ஒமக்கா? எந்தச் சாமிக்கு அண்ணாச்சி?"

"பெயிண்டுச் சாமிக்கு. கேக்காம வழியும்."

சொரிமுத்து வழித்தான். சுருள்கள் மடியில் விழுந்தன. பூலோகம் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. எழுந்து, மொட்டைத் தலைக்கும் கைகளுக்கும் துணி சோப்பை இரண்டு தடவை போட்டுக் கழுவிக்கொண்டு திரும்பினான். தலை காற்றில் ஜில்லென்றிருந்தது. தெரிந்தவர்கள் நாலு பேர் அடையாளம் தெரியாமல் கடந்து போனார்கள்.

அதற்குள் ஹனீப் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மூஞ்சியைத் தேய்த்து முடித்திருந்தான். நார் வெளியே வரவில்லை. பட்டி அசையவில்லை. உலர்ந்த துணியால் துடைத்து ஸ்டூலில் வைத்தான். பூலோகத்தின் கை பழக்கதோஷத்தில் நீண்டது. பாதி வழியில் நின்றது. கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "நீரு பாத்துச் சொல்லும், மணல் இருக்கான்னு," என்றான்.

ஹனீப் தன் கன்னத்தை ஸ்டூலோடு வைத்துச் சரிவாகப் பார்த்தான். தாடைக்குக் கீழே ஒரே ஒரு தூசியை ஊதித் தள்ளினான். "அடியும்," என்றான்.

அடித்தான். இருவரும் பீடி கூடப் பற்ற வைக்காமல் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் பூச்சும் அடித்து, வெயிலில் காய வைத்து, பாலிஷ் போட்டுத் துணியை எடுத்தபோது, நாவற்பழ நீலத்துக்குள்ளிருந்து ஒரு மொட்டைத் தலை பூலோகத்தைப் பார்த்தது. யாரோ என்று ஒரு கணம் திடுக்கிட்டான்.

சாயந்தரம் கரீம் பாட்சா வந்தார். மூஞ்சியை வெளிச்சத்தில் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் பூலோகத்தைப் பார்த்தார்.

"வாஹ் வாஹ்! ஒரு பொத்தல் இல்ல. மொட்டை வேற! சாமிக்கு வேண்டிக்கிட்டியா? அதான் கண்ணு கழிஞ்சுபோச்சு."

தட்டில் வைத்து நீட்டியது போல ஒரு பொய். ஆமாம் சேட் என்று தலையாட்டினால் போதும். கன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹனீப் கதவோரம் நின்றான். வேண்டுமென்றே இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தான்.

"கண்ணு இல்ல சேட்," என்றான் பூலோகம். "எங் கைதான். சனிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிப்பேன். அந்தக் கையோட வண்டியத் தொடுவேன். இதுலயும் காலைல போட்டுது. ஹனீப்புதான் தேச்சுக் காப்பாத்துனாரு."

கரீம் பாட்சா உட்கார்ந்தார். "அப்போ எட்டு மாசமா என் வண்டிக்கெல்லாம் எண்ணெ தேச்சது நீ."

"ஆமா சேட்."

"இவனைச் சந்துல போட்டது?"

"அதுவும் நாந்தான்."

சேட் எழுந்து போய்க் கொக்கியிலிருந்து கன்னை எடுத்தார். நடந்து வந்து ஹனீப்பிடம் நீட்டினார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு கணம் பூலோகம் நினைத்தான். சொன்னது சரிதான் என்று மறுகணம் நினைத்தான். இரண்டு நினைப்பிலும் தோல் வாடை அடித்தது.

ஹனீப் கண்ணைத் திறந்து கன்னைப் பார்த்தான். "எனக்கு எதுக்கு சேட்? நான் அடிச்சா செவுத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும். அவரே அடிக்கட்டும். அடுத்த மழைக்குள்ள எம் மேசைய உள்ள போட்டுக் குடுங்க, அது போதும்."

அடுத்த மழை வரை காத்திருக்கவில்லை. ஆபிரகாம் வந்து, நீலத்தில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லிளித்து, மூஞ்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போன கையோடு, பூலோகமும் ஹனீப்பும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை உள்ளே கொண்டுவந்து, ஜன்னலோரம் போட்டார்கள். பூசணிக்காயை பூலோகமே அவிழ்த்தான்.

வீட்டில் பேராச்சி மொட்டையைப் பார்த்து ஓவென்று அழுதாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, அழுகை காயும் முன்பே சிரித்தாள். சனிக்கிழமை எண்ணெய் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கிறவர் உலகத்தில் உண்டா என்று முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் மொட்டைத் தலையில் நல்லெண்ணெயை ஊற்றினாள். சுருள் இல்லாத இடத்திலும் விரல் நன்றாகத்தான் ஓடியது.

திங்கட்கிழமை ஆபிரகாம் வந்து, நாலாவதாக வந்ததையும் விழாமல் வந்ததையும் சொல்லிவிட்டுப் போனான். அவனோடு ரேஸ் ஓட்டும் ஒருவனின் மூஞ்சியும் உடைந்து போய் வந்திருந்தது. ஹனீப் அதை ஒட்டி, தேய்த்து, சனிக்கிழமை காலையில் கொட்டகைக்குள் கொண்டுவந்தான். பழக்கம் விடுமா? வாசலில் காலை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். நிலையில் முட்டிக்கொள்ள இருந்தவனை பூலோகம் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"கண்ணத் தொறந்துக்கிட்டே வாரும்வே," என்றான். "நீரு நல்லாப் பாத்துச் சொல்லாம நான் இனிமே கன்னைத் தூக்கமாட்டேன்."